இவெட் போல்டுக் யாருக்கு ஓட்டுப் போட்டாள்

எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்சி எழுதியிருக்கும். இவெட் போல்டுக் பெயருக்கு எதிரே முப்பத்திரண்டு வருடமாக எந்தக் கட்சியும் இல்லை. எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அப்படி இருப்பவர்கள் நிறையப் பேர். கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் குளிர்காலத் தேர்தலில், இவர்கள் எந்தக் கட்சியின் ஓட்டுச் சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் போடலாம். வாங்கிய நிமிடமே அந்தக் கட்சிக்காரர் ஆகிவிடுவார்கள். வெளியே வரும்போது ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டால் மறுபடி யாரையும் சேராதவர். அந்த அட்டையை நீட்டும் பெவர்லி ஒவ்வொரு முறையும், "இருபது நிமிஷக் கல்யாணம் முடிஞ்சுதா, இவெட்?" என்று கேட்பாள். "மாப்பிள்ளை சரியில்ல" என்பாள் இவெட்.

அக்கறை இல்லாமல் அவள் அப்படி இருக்கவில்லை. எங்கள் ஊரான கில்பியின் பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். பெரிய பானையைக் கிளறிக்கொண்டே வானொலியில் இரண்டு தரப்பு விவாதத்தையும் கடைசிவரை கேட்பாள். அவளுடைய தம்பி ஆர்மண்ட் மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்கிறவன். அப்பா காலத்திலிருந்து ஒரே கட்சி. அக்காவைச் சீண்டுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. "எல்லார் வீட்டுக் கடிகாரமும் மணி ஆனா அடிக்கும். எங்க அக்கா வீட்டுக் கடிகாரம் யோசிச்சுட்டுத்தான் அடிக்கும்" என்பான்.

சனி, ஞாயிறுகளில் இவெட்டும் நானும் ஊர் ஆம்புலன்ஸில் வேலை செய்கிறோம். சம்பளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நான் ஓட்டுவேன், அவள் பின்னால் நோயாளியோடு இருப்பாள்.

நான் சொல்லப்போகிற தேர்தலுக்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். வருடத்துக்கு எண்பது பிரசவம்தான், கட்டுப்படியாகவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு வலி எடுத்தால் மலைக்கணவாயைத் தாண்டி ஐம்பது மைல் போக வேண்டும். தேர்தல் வருடத்து ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை டெஸ்ஸா என்ற பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பாதி வழியில் இவெட் கண்ணாடித் தடுப்பைத் தட்டி, "நிறுத்து எல்டன், இங்கேயேதான்" என்றாள். பூட்டிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுக்கினேன். குழந்தை நீலமாக வந்தது. அழவில்லை. இவெட் அதன் முதுகைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வாயில் மெதுவாக மூச்சு ஊதினாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அது கரகரத்த குரலில் அழுதது. ஓவன் என்று பெயர் வைத்தார்கள். இவெட் அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய், கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாளாம்.

அது ஜனாதிபதி வேட்பாளர்கள் எங்கள் ஊர்களைச் சுற்றும் காலம். அடுத்த வாரமே ஆர்மண்டின் கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஹான்லாக் தீயணைப்பு நிலையத்தில் நடந்த காலைச் சாப்பாட்டுக்கு வந்தார். நல்ல உயரம், நல்ல குரல். அவரே பான்கேக் புரட்டினார். இவெட் தட்டோடு அவர் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னாள். அந்த வார்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவர் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

"பதவிக்கு வந்து நூறு நாள்ல அந்த வார்டைத் திறக்கறேம்மா. இது என் வாக்கு."

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிக்கும்வரை இவெட் காத்திருந்தாள்.

"எங்க ஆஸ்பத்திரி பேரு தெரியுமா உங்களுக்கு?"

அவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் செல்போனைப் பார்த்தார். "பேர் எதுக்கும்மா, மனசுல பதிஞ்சாச்சே" என்று சிரித்துவிட்டு அடுத்தவர் தட்டுக்கு நகர்ந்தார்.

அதற்கு அடுத்த வாரம் எதிர்க்கட்சியின் ஆஸ்ட்ராண்டர் அம்மாள் நூலகத்துக்கு வந்தார். வேறொரு மாநிலத்தில் எட்டு வருடம் கவர்னராக இருந்தவர். கூட்டம் இருபது பேர் இருக்கும். இவெட் அதே கேள்வியைக் கேட்டாள். அந்த அம்மாள் கையைப் பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வார்டு திறக்காது என்றார். எண்பது பிரசவத்துக்கு மருத்துவர்கள் வந்து தங்க மாட்டார்கள், திறப்பேன் என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார். ஆம்புலன்ஸ் ஆட்களுக்குப் பிரசவப் பயிற்சியும் கருவிகளும் கொடுக்க முடியும், அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தன் மாநிலத்தில் இப்படி ஒன்பது வார்டுகளை மூடிய உத்தரவில் தானே கையெழுத்துப் போட்டதையும் சொன்னார்.

"அன்னிக்கு ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டாள் இவெட்.

"தூங்கினேன். அதுதான் இப்ப உறுத்துது."

இவெட் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். போதாக்குறைக்கு, அந்த அம்மாள் அரசாங்கக் காட்டில் மரம் வெட்டுவதைப் பாதியாகக் குறைப்பேன் என்பவர். ஆர்மண்டின் ஆலைக்கு மரம் வருவது அந்தக் காட்டிலிருந்துதான்.

கோடையில் அந்த இருவருமே தத்தம் கட்சியின் வேட்பாளர் ஆனார்கள். அக்டோபரில் ஹான்லாக் ஒரு பெரிய கூட்டத்தில் பேசியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். வடக்கே கில்பி என்ற ஊரில் ஓர் ஆம்புலன்ஸில், ஏழைச் சமையல்காரி ஒருத்தியின் கையிலேயே ஒரு பச்சைக் குழந்தை செத்துப்போனது என்றார். அரங்கமே எழுந்து நின்றது.

டெஸ்ஸா இவெட்டைப் போனில் கூப்பிட்டாள். "அக்கா, எம் புள்ளைய டிவில சாகடிச்சுட்டாங்க. இவன் இங்க உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டிருக்கான்" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை என்றாள் இவெட். ஹான்லாக் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்து குழந்தை உயிரோடு இருக்கிறது என்று சொன்னாள். குறித்துக்கொண்டோம் என்றார்கள். அடுத்த வாரம் இன்னொரு ஊரிலும் அவர் அதையே பேசினார்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஆஸ்ட்ராண்டர் கட்சியின் துண்டறிக்கை எல்லார் வீட்டுத் தபால் பெட்டியிலும் வந்து விழுந்தது. நூலகத்தில் இவெட் எழுந்து நின்று பேசும் படம் அதில் இருந்தது. "உண்மை பேசுகிறவரைக் கில்பி நம்புகிறது" என்று கீழே போட்டிருந்தார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆர்மண்ட் அதைக் கொண்டுவந்து அவள் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். "என் வேலையை வெட்டுறேன்னு சொல்றவளோட நீ போட்டோல நிக்கற. இது என்னன்னு சொல்லு" என்றான். அவள் சொல்ல ஆரம்பித்ததைக் கேட்கவில்லை. அவள் ஊற்றி வைத்த காப்பி அப்படியே இருந்தது. பன்னிரண்டு நாள் அவன் போனை எடுக்கவில்லை. ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறவன்.

இவெட் எங்கள் வாரப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான்கே வரி. "செனட்டர் சொல்லும் குழந்தை சாகவில்லை, பத்து மாதம் ஆகிறது, இரண்டு பல் முளைத்திருக்கிறது. துண்டறிக்கையில் இருக்கும் படம் என்னுடையது, ஆனால் என்னைக் கேட்காமல் போட்டது. நான் யாருக்கும் என் பெயரைக் கொடுக்கவில்லை. யாருக்கு ஓட்டுப் போடுவதென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை." அது அச்சான பிறகு இரண்டு கட்சிக்காரர்களும் கடையில் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆஸ்ட்ராண்டர் அலுவலகத்திலிருந்து மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அச்சடித்த கையெழுத்து.

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தோம். இரண்டு பேருமே வேண்டாம் என்றால் சீட்டில் அச்சிடாத வேறு யார் பெயரையாவது கையால் எழுதிவிடு, அதுவும் செல்லும், என் பெயரை எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு வண்டியின் படியில் உட்கார்ந்தாள்.

"அப்படிப் போட்டா என் கை சுத்தமா இருக்கும். ஆனா இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வரத்தான் போறாங்க. என் கை சுத்தமா இருந்து யாருக்கு என்ன?"

"அப்ப யாரு?"

"அந்தப் பொம்பளை மேல எனக்குக் கோவம். ஆனா அவகூடச் சண்டை போடலாம், எல்டன். சொன்னதைச் சொல்லலேன்னு சொல்ல மாட்டா. இவரு நாளைக்கு ஓவனை மறுபடியும் சாகடிப்பாரு. எதைப் பிடிச்சுச் சண்டை போடுறது?"

சொல்லிவிட்டு வெகுநேரம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆர்மண்ட் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் ஆர்மண்ட் வீட்டு முற்றத்தில் அவனுக்கு விறகு அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவெட் துணி போட்டு மூடிய ஒரு தட்டோடு வந்தாள். பன்றிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பண்டம், அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குத்தான் செய்வார்கள். அதை விறகின்மேல் வைத்துவிட்டு நின்றாள்.

"நாளைக்கு நான் அந்தம்மாவுக்குத்தான் போடப்போறேன்டா. உன் வேலைக்கு அது நல்லதில்லன்னு தெரியும். ஊர்ல யாராவது சொல்லி நீ கேக்கக் கூடாது, அதான் வந்தேன்."

ஆர்மண்ட் கையிலிருந்த கட்டையைப் போடவும் இல்லை, அடுக்கவும் இல்லை. முகம் சிவந்துவிட்டது. ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறான் என்று நான் நினைத்தேன்.

"மூணு மாசமா யோசிச்சு இதான் கிடைச்சுதா உனக்கு?"

"பத்து மாசமா."

அவன் கட்டையை அடுக்கினான். இன்னும் இரண்டு எடுத்து அடுக்கினான். பிறகு துணியைத் தூக்கித் தட்டைப் பார்த்தான்.

"என் ஓட்டும் உன் ஓட்டும் ஒண்ணையொண்ணு அழிச்சிடும். ரெண்டு வண்டி எதுக்கு? நாலு மணிக்கு வரேன், ஒரே வண்டில போவோம். பெட்ரோலாவது மிச்சம்."

அப்படியே போனார்கள். இவெட் தடுப்புத் திரைக்குள் நெடுநேரம் நின்றாளாம். ஆர்மண்ட் வெளியே பெவர்லியிடம், உள்ளே தூங்கிவிட்டாளோ என்று கேட்டிருக்கிறான். எங்கள் ஊரில் ஹான்லாக் முப்பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தார். நாட்டில் ஆஸ்ட்ராண்டர் ஜெயித்தார்.

வார்டு திறக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஆம்புலன்ஸ் பயிற்சிக்குப் பணம் வந்தது. இவெட்டும் நானும் ஆறு வாரம் பயிற்சிக்குப் போனோம். அதே வருடம் காட்டு உத்தரவும் வந்தது. ஆலை வாரத்தில் நான்கு நாளாகக் குறைந்தது. ஆர்மண்டுக்கு வெள்ளிக்கிழமை வேலை போயிற்று. அவன் அக்காவைக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அவன் வண்டி வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தபடி பள்ளிக்கூடத்துக்குப் போவாள்.

அடுத்த மே மாதம் வனத்துறை அதிகாரிகள் மக்கள் கருத்தைக் கேட்கப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்தார்கள். ஆலைக்காரர்கள் சார்பில் ஆர்மண்ட் பேச எழுந்தான். எழுதி வைத்திருந்தான். ஆனால் மைக் முன்னால் இரண்டு வரி படித்துவிட்டு நின்றுபோனான். இவெட் சமையலறை ஏப்ரனோடு வந்திருந்தாள். எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"என் பேர் இவெட் போல்டுக். இந்த ஊர்ல உங்க ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தி. இவன் என் தம்பி. இவன் அவங்களுக்கு ஓட்டுப் போடல, ஆனா வேலை போனது இவனுக்கு. அதனால நான்தான் முதல்ல கேக்கணும்."

பிறகு தம்பியின் தாளை வாங்கி நிதானமாக முழுவதும் படித்தாள். எந்த மலைச்சரிவில் எத்தனை வருட மரம், எத்தனை குடும்பம், எந்த இடத்தில் வெட்டினால் ஆற்றுக்குக் கெடுதல் இல்லை என்று ஆர்மண்ட் எல்லாம் எழுதியிருந்தான். அவனுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அதிகாரிகளில் ஒருவர் இடைமறித்து மலைச்சரிவின் பெயரைத் திரும்பக் கேட்டார். ஆர்மண்டே பதில் சொன்னான். அதன்பிறகு அவனால் பேச முடிந்தது.

உத்தரவை ரத்து செய்யவில்லை. வடக்குச் சரிவுக்கு மட்டும் மூன்று வருட விலக்கு கொடுத்தார்கள். ஆலைக்கு மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை திரும்பிவந்தது.

அன்று கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நானும் அவர்களோடு இருந்தேன். ஆர்மண்ட் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே, "அடுத்த தடவையாவது எங்க ஆளுக்குப் போடுவியா அக்கா?" என்றான்.

"யாரை நிறுத்துறீங்கன்னு பாக்கறேன்" என்றாள் இவெட். ஏப்ரனை அவிழ்த்து மடித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள்.