பின் சீட்டுக்கு அடியில் ஒரு கொம்பு

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. "உடம்புக்கு முடியலையா?" என்று கார்டு போட்டு விசாரித்த செங்கம் வாசகருக்கு நன்றி. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. உங்களுக்கு எழுத வேண்டிய நாளில் நான் ஒரு வனத்துறை செக்போஸ்ட்டில், மர பெஞ்சில் உட்கார்ந்து வேறொன்றில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாக்குமூலம்!

நாகரஹொளே, பந்திப்பூர், முதுமலை. மூன்று காடுகளையும் ஒரே வீச்சில் பார்த்துவிட்டு ஊட்டி வழியாகத் திரும்புவது என்று பிளான். தேரடி வீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சலீம், பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கும் குமரேசன் வாத்தியார், நான். ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகத் தொப்பை போட்டவர்கள். வாத்தியாரின் பெயரை மட்டும் அவர் கேட்டுக்கொண்டபடி மாற்றியிருக்கிறேன். மற்றதை அப்படியே எழுதச் சொல்லிவிட்டார்.

வழக்கமாக எங்களுக்கு வேன் ஓட்டும் டிரைவருக்கு மஞ்சள் காமாலை. வேன்காரர் அவருக்குப் பதிலாக ஒரு ஆளை அனுப்பியிருந்தார். பெயர் ஏழுமலை, கீழ்பென்னாத்தூர் பக்கம். முப்பது வயதிருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

எனக்கு இந்தப் பேசாத ஆட்களைக் கண்டால் ஒரு சந்தேகம். பேசாமல் இருக்கிறவன் என்ன யோசிக்கிறான் என்று எப்படித் தெரியும்?

செங்கம் தாண்டவில்லை, வண்டி நின்றது. "தோ வந்துட்டேன் சார்" என்று இறங்கி பானெட்டைத் திறந்தார். ஊத்தங்கரையில் ஒரு தரம். கிருஷ்ணகிரியில் ஒரு தரம். ஒவ்வொரு தரமும் கால் மணி நேரம்.

"வண்டியில இன்னா பிரச்சினை?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். போயிடலாம்."

ஒன்றுமில்லை என்றால் எதற்காக நிறுத்த வேண்டும்?

மைசூரில் டீ குடிக்க இறங்கினோம். அவர் டீயைக்கூடத் தொடாமல் எஸ்.டி.டி. பூத்துக்குள் போனார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு, வாயைக் கையால் பொத்தியபடி பேசினார். வெளியே வந்து ஒரு மளிகைக் கடையில் ஏதோ பொட்டலம் வாங்கி, சீட்டுக்கு அடியில் செருகினார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலம் அப்படி... பேப்பரைத் திறந்தால் அந்தக் காட்டுப் பக்கம் ஆள் கடத்தல் செய்திதான். வழியில் ஒரு லாரிக்காரரிடம் ஏழுமலை கன்னடத்தில் வேறு பேசினார்.

"கீழ்பென்னாத்தூர்க்காரனுக்குக் கன்னடம் எப்படிடா தெரியும்?" என்று சலீமின் காதில் கிசுகிசுத்தேன்.

"எனக்கு உருது தெரியுது. நீ பயப்படலியே?" என்றான் சலீம்.

நாகரஹொளே போய்ச் சேர்ந்தபோது காட்டுக்குள் போகும் கடைசி வண்டி கிளம்பிவிட்டது. மறுநாள் காலை போனதில் நாலு மானும் ஒரு மயிலும் கிடைத்தன. பந்திப்பூரில் ரோட்டுக்குக் குறுக்கே யானைக் கூட்டம். குட்டி நகர மறுத்தது. குட்டி நகராமல் தாய் நகருமா? ஒன்றரை மணி நேரம், இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றன. 'வாகனத்தை விட்டு இறங்காதீர்கள்' என்ற போர்டுக்கு நேர் கீழேயே நாங்கள் இறங்கி நின்றோம். வாத்தியார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒதுங்கிட்டு வரேன்" என்று புதருக்குள் போனார். ஏழுமலை வழக்கம்போல பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். நான் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதுமலையைக் கடந்து வெளியே வரும் இடத்தில் செக்போஸ்ட். மதியம் பன்னிரண்டு இருக்கும். ஒரு வனக்காவலர் வேனுக்குள் ஏறினார். சாதாரணச் சோதனை என்றுதான் நினைத்தோம். பின் சீட்டுக்கு அடியில், ஜாக்கி வைக்கும் இடத்தில் கையை விட்டவர், பேப்பரில் சுற்றிய ஒன்றை வெளியே இழுத்தார்.

மான் கொம்பு. கிளை கிளையாக, முழங்கை நீளத்துக்கு.

ரேஞ்சர் வந்தார். நடுத்தர வயது, நிதானமான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

"யாரோடது இது?"

எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஜாக்கி, டூல்ஸ் எல்லாம் யார் கையில?"

"என் கையிலதான் சார்" என்றார் ஏழுமலை. "ஆனா இத நான் எடுக்கல."

அவருடைய லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, தனியாக ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ஜீப் வந்ததும் ரேஞ்ச் ஆபீசுக்குக் கூட்டிப்போவார்களாம். ரேஞ்சர் என்னிடம் திரும்பினார்.

"இந்த டிரைவரை எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"மூணு நாளாத்தான் சார். எங்க பழைய டிரைவர் இல்ல இவர். வழி முழுக்க அடிக்கடி நிறுத்தினார். மைசூர்ல ரகசியமா போன் பண்ணார். ஏதோ பொட்டலம் வாங்கி ஒளிச்சு வெச்சார்..."

கவனியுங்கள், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மூன்று நாள் சேர்த்து வைத்த சந்தேகத்தை வரிசை தப்பாமல் ஒப்பித்தேன். அவ்வளவுதான். ஏழுமலை ஸ்டூலில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்டதுபோல ஒரு பார்வை.

பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார்கள். மஞ்சள் தூள்!

"எதுக்குய்யா இது?"

"ரேடியேட்டர் ஒழுகுது சார். மஞ்சத்தூள் போட்டா கொஞ்ச நேரம் ஓட்டை அடைச்சிக்கும். ஓனருக்கு மைசூர்லேர்ந்து போன் போட்டு திட்டினேன். காட்டுக்குள்ள போறோம்னு இவங்க சந்தோஷமா இருந்தாங்க. சொன்னா பயந்துப்பாங்கன்னு சொல்லல."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மஞ்சள் தூளுக்கு விளக்கம் வந்துவிட்டது, கொம்புக்கு வரவில்லையே என்றுதான் மனசு ஓடியது. சந்தேகத்துக்கு ஒரு கால் போனால் இன்னொரு காலில் நிற்கும்.

ரேஞ்சர் ஒரு தாள் எழுதினார். ஜாக்கி வைக்கும் இடத்தை டிரைவர் மட்டும்தான் கையாண்டார், கொம்பைப் பற்றி எங்களுக்குத் தெரியாது என்று. மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் நான் போட்டேன்.

சலீம் தாளைப் படித்துவிட்டுப் பெஞ்சில் வைத்தான்.

"எனக்குத் தெரியாதுன்னு எழுதுங்க சார், போடறேன். டிரைவர்தான்னு வர மாதிரி எழுதினா போட மாட்டேன்."

"டேய், வம்பு பண்ணாத. சீக்கிரம் கிளம்பலாம்" என்றேன்.

சலீம் என்னைப் பார்த்தான். "நாம தங்கின ரெண்டு லாட்ஜுலயும் என் பேரை மட்டும் ரெண்டு தடவை கேட்டாங்க. நீ கவனிச்சியா? எனக்கு இது பழக்கம்டா. முதல்ல யாரைப் பாத்து கை நீட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும். நம்ம மூணு பேரை ஏன் யாரும் கேக்கல?"

நான் கவனிக்கவில்லை. மூன்று நாளும் நான் கவனித்தது ஒரே ஒருவரை.

தாள் வாத்தியாரிடம் போனது. பேனாவைப் பிடித்தார். மூடியைத் திருகினார், கழற்றினார், மறுபடி திருகினார். பிறகு எழுந்து நின்றார், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

"சார்... கொம்பு நான் எடுத்தது. யானைக்காக நின்னப்போ புதர்ல கெடந்தது. ஸ்கூல் லேபுக்குன்னு துண்டுல சுத்தி எடுத்தேன். அப்புறம் பேப்பர்ல சுத்தி வெச்சேன். எட்மாஸ்டர் பிரமோஷன் வர நேரம் சார். கேஸ் ஆனா போயிடும்னு பயந்துட்டேன்."

ரேஞ்சர் கொம்பின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்டையிலிருந்து வெட்டியதாக இருந்தால் வேறு மாதிரி இருக்குமாம். இது தானாக உதிர்ந்தது. "காட்டுலேர்ந்து ஒரு சருகை எடுத்தாலும் தப்புதான் வாத்தியாரே. பசங்களுக்கு நீங்க சொல்லிக் குடுக்க வேண்டிய விஷயம் இது" என்றார். கொம்பை எடுத்துக்கொண்டு, அபராதத்துக்கு ரசீது போட்டு, வாத்தியாரிடம் கைப்பட எழுதி வாங்கிக்கொண்டு, ஏழுமலையிடம் லைசென்ஸை நீட்டினார்.

மணி ஐந்தாகிவிட்டது. ஊட்டியாவது ஒன்றாவது? வந்த வழியே திரும்புவது என்று முடிவானது.

வாத்தியார் நேராக ஏழுமலையிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "பரவால்ல உடுங்க சார்" என்றார் ஏழுமலை. நான் அந்த இடத்தில் ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். தப்பு செய்தவர் வாத்தியார், நான் இல்லையே... என்று ஒரு சமாதானம். அந்தச் சமாதானம் ஓசூர் வரைகூடத் தாங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஊர் வந்து சேர்ந்தோம். சலீமும் வாத்தியாரும் டவுனிலேயே இறங்கிக்கொண்டார்கள். கடைசியாக வேங்கிக்காலில் என் வீடு. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று, "ஏழுமலை, நேத்து நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் வண்டியை ஆஃப் பண்ணவில்லை. முகத்தில் ஒரு கடுமையும் இல்லாமல், ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்:

"பையத் தொறந்து எல்லாம் சரியா கீதான்னு ஒருவாட்டி பாத்துக்கோங்க சார். நான் நிக்கறேன்."

வேண்டாம் ஏழுமலை, என்றுதான் சொல்ல நினைத்தேன். அதற்குள் என் கை ஜிப்பை இழுத்துவிட்டது.