லேட் வேறு, டிலே வேறு

நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தபோது, சேலத்தில் ஒரு நர்சிங் பள்ளியிலிருந்து அம்மாவை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இண்டூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சாமந்தி பறிக்கிற சமயம் அது. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்ட அப்பா, பதிலுக்குக் காத்திராமல் பூ பறிக்கப் போய்விட்டார். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. என்னைத் தனியே விட முடியாமல் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தொப்பூர் கணவாயில் பஸ் நின்றது. நின்றது நின்றதுதான். கீழே வளைவில் தக்காளி லாரி ஒன்று கவிழ்ந்துகிடப்பதாகச் சொன்னார்கள். "இப்போதைக்கு எடுக்க மாட்டாங்க, மத்தியானம் ஆவும்ங்க" என்று கண்டக்டர் சொல்லிவிட்டு மரநிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள். "வூட்டுக்குத் திரும்பி வந்துரு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்ற அவர் குரல் எனக்கே கேட்டது. அம்மா போனைப் பைக்குள் போட்டாள். என் கையைப் பிடித்தாள். லாரிகளுக்கு நடுவே இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

வெயிலில் தார்ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. பாதி வழியில் அம்மா கேட்டாள்: "ஏன் பாப்பா, லேட்டாயிருச்சுங்கறத இங்கிலீசுல நல்லபடியா எப்படிச் சொல்றது?"

அந்த வாரம்தான் எங்கள் டீச்சர் அதை நடத்தியிருந்தார். நான் அவரைப் போலவே குரலை மாற்றிக்கொண்டேன். "லேட் வேற, டிலே வேறம்மா. நீ தூங்கிட்டு மெதுவா கெளம்புனா அது லேட். நீ நேரத்துக்குக் கெளம்பியும் வழியில வேற ஏதாச்சும் உன்னை நிறுத்துனா அது டிலே. ஐ வாஸ் டிலேட். சொல்லு."

"ஐ வாஸ் டெய்லி."

"டெய்லி இல்லம்மா!"

ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் அவளைச் சொல்ல வைத்தேன். கிளீனர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா கவலைப்படவில்லை. கவிழ்ந்த லாரியை நாங்கள் தாண்டியபோது, தப்பிய தக்காளிக் கூடைகளை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா டிரைவரிடம் கெஞ்சவில்லை. "சேலத்துக்குத்தானுங்களே அண்ணா? நாங்களும் வர்றோம்" என்று என்னைத் தூக்கிக் கூடைகளுக்கு இடையில் உட்கார வைத்துவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நேர்காணல் முடிந்திருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "லேட்டா வந்தா எடுக்க முடியாதுங்க" என்றார்.

தக்காளிச் சாறு படிந்த சேலையோடு அம்மா வாசலிலேயே நின்றாள். "ஐ ஆம் நாட் லேட், மேடம். ஐ வாஸ் டிலேட்."

ஒரு பிழை இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த அம்மையார் இப்போது நிமிர்ந்து பார்த்தார். "எதனால டிலே?"

லாரி என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அம்மா தமிழுக்கு மாறினாள். "பன்னெண்டாவது முடிச்சதும் எங்கப்பா படிச்சது போதும்னுட்டாருங்க. பொறவு கல்யாணம். பொறவு இவ பொறந்தா. இன்னிக்கித் தொப்பூர்ல லாரி கவுந்துருச்சு. நான் நேரத்துக்குத்தான் கெளம்புனேங்க."

 அந்த அம்மையார் கட்டிய காகிதங்களைப் பிரித்தார். "உள்ள வந்து உக்காருங்க" என்றார். அம்மாவுக்கு அங்கே இடம் கிடைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அம்மாவோடு பேசவில்லை. கணவாய் முழுக்க அழாமல் நடந்தவள் நான். என்னைப் போய்க் கவிழ்ந்த லாரியோடு சேர்த்துவிட்டாளே என்று ஆத்திரம். அம்மா வாங்கி நீட்டிய கடலை மிட்டாயைக்கூடத் தொடாமல், கடைசியில் பொறுக்க முடியாமல் சொன்னேன்: "நான் சொல்லிக் குடுத்ததையே நீ தப்பா சொல்லிட்ட. டிலேன்னா அன்னிக்கி நடந்ததை மட்டுந்தான் சொல்லணும். பழசெல்லாம் அதுல வராது."

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்றாள். அவள் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.