முதுகு காட்டிய போர்டு

போர்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே நாற்பதடி அகலத்தில் செருப்பு விளம்பரம் பளபளத்தது, பார்க்கத்தான் ஆளில்லை. சாலையை ஒருவழிப் பாதையாக மாற்றி ஒரு மாதமாகியிருந்தது. வண்டிகளெல்லாம் இப்போது போர்டின் பின்பக்கமிருந்து வந்தன. வந்தவர்கள் கண்டது துருப்பிடித்த இரும்புச் சட்டத்தை மட்டும்.

விளம்பர நிறுவனத்தில் போர்டுகளுக்கு இடம் பிடிப்பது அவர் வேலை. இடத்தை முடிவு செய்யுமுன் அங்கே ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்பது நிறுவனத் தலைவியின் கட்டளை. இவர் பழைய புகைப்படத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். செருப்புக் கம்பெனி முதலாளி வியாழக்கிழமை பார்க்க வருகிறார். அவர் கைவிட்டால் நிறுவனத்தின் பாதி வேலை போகும். முதலில் போவது போர்டுக்காரரின் வேலை.

"வேல போயிட்டா வீட்ல காலாட்டிக்கிட்டு இருக்கலாம்னு நெனைக்காதீங்க. ஒட்டட அடிக்க வெச்சுடுவேன்" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் தலைவி, விஷயத்தைக் கேட்டுத் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, அந்த ஒரு மணி நேரத்த இப்ப நின்னுடலாம்" என்றார்.

பத்தொன்பது வயதில் இதே நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுக்க வந்தவர் அவர். வாடிக்கையாளர்களின் ஏச்சையெல்லாம் முதலில் வாங்கியது அவர் காதுதான். என்ன கேட்கிறார்கள், எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று அந்தக் காது கற்றுக்கொண்டது. விளம்பர வரி எழுதுகிறவர் காய்ச்சலில் படுத்த ஒருநாள், கொசுவலை விளம்பரத்துக்கு அவர் எழுதிய வரி: 'கொசுவுக்கு வெளியே நிறைய இடம் இருக்கிறது.' சிரித்துக்கொண்டே வாங்கினார்கள் ஜனங்கள். அவருக்கு முப்பத்தாறு வயதானபோது, நிறுவனத்தின் பழைய முதலாளி தன் நாற்காலியையே கொடுத்துவிட்டுப் போனார். "ஊருக்கே கேக்குற மாதிரி கத்தாதீங்க. ஒருத்தர்கிட்ட பேசுங்க" என்பதுதான் இன்றைக்கும் அக்கா சொல்வது.

போர்டுக்காரர் சாலையையே வெறித்துக்கொண்டிருந்தார். அக்காவின் பார்வை தரையில் இருந்தது.

"என்னக்கா பாக்குறீங்க?"

"காலுங்கள."

போர்டைத் தாண்டியிருந்த பேருந்து நிறுத்தத்தில் இறங்கியவர்கள், நடைபாதையில் திரும்பி போர்டைப் பார்த்தபடியே சாரை சாரையாக வந்தார்கள். நர்சுகள், தையல்காரிகள், பை சுமந்த பிள்ளைகள். தேய்ந்த செருப்பு, ஊக்கு குத்திய செருப்பு, இழுத்து இழுத்து நடக்கும் செருப்பு.

"படம் இருக்கட்டும். வரிய மட்டும் மாத்துங்க" என்று அக்கா சொல்லச் சொல்ல, போர்டுக்காரர் எழுதிக்கொண்டார்: 'வண்டியில் போகிறவர்களுக்கு இது தெரியாது. நடக்கிற உங்களுக்காக வைத்தோம்.'

வியாழக்கிழமை முதலாளி காரில் வந்தார். கண்ணில் பட்டது இரும்புச் சட்டம்.

"என்னம்மா இது! என் செருப்புக்கு முதுகக் காட்டிட்டு நிக்குது?"

"தப்பு எங்களோடதுதான் சார். எறங்கி வாங்க, கொஞ்சம் நடக்கலாம்."

"நடக்கணுமா?"

"செருப்பு விக்கிறவர்தானே சார் நீங்க?"

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். பேருந்து நிறுத்தம்வரை போய்த் திரும்பினார்கள். முன்னால் போன இரண்டு நர்சுகளில் ஒருத்தி அண்ணாந்து வாசித்தாள். "ஏய், நம்மளத்தான்டி சொல்றாங்க" என்றாள். மற்றவள் ஒற்றைக் காலில் நின்று, தன் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தாள்.

முதலாளி அப்படியே நின்றுவிட்டார். பிறகு, "இதே மாதிரி இன்னும் நாலு போர்டு தப்பா வெக்க முடியுமா?" என்றார்.

"இவர் வெப்பாரு சார்" என்று அக்கா போர்டுக்காரரைக் காட்டினார்.

கார் போனதும் போர்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்குப் பயமே இல்லையாக்கா?"

"மூணு நாளா சாப்பாடே எறங்கல. அத உங்ககிட்ட சொல்லி, உங்களையும் பட்டினி போடணுமா?"

அந்த மூன்று நாளும் போர்டுக்காரர் அக்காவின் பக்கத்திலேயேதான் இருந்தார், கவனிக்கவேயில்லை.