பெண் கரடியும் ஒரு வாய்த் தண்ணீரும்

நான் குடியிருக்கும் கனடா நாட்டுச் சிற்றூரில், பனி உருகத் தொடங்கியதும் தபால் ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். தூரத்தில் நிற்கும் கரடி ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று அதில் படம் போட்டிருக்கும். தலை பெரிதாய், காது இரண்டும் சின்னதாய் விலகியிருந்தால் ஆண். முகம் ஒடுங்கி, காது எடுப்பாய் நெருங்கியிருந்தால் பெண்ணாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதன் கீழே ஒரு கோடு வேறு. தாம்பரம் தபால் ஆபீஸ் சுவரில் சேமிப்புப் பத்திரத்தையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் பார்த்து வளர்ந்தவன் நான். முதல் வருஷம் ஸ்டாம்பு வாங்கப் போனபோது, வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களின் காதுகளையெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். ஒரு பெண்மணி திரும்பி முறைத்தாள். நோட்டீஸைக் கை காட்டினேன். அதற்கப்புறம் இன்னும் அதிகமாக முறைத்தாள்.

சிரிக்காதீர்கள், இங்கே இது சட்டம். வசந்தகாலத்தில் கரடி வேட்டைக்கு அனுமதி உண்டு. ஆனால் குட்டியோடு இருக்கும் தாயைத் தொடக்கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், தாய்க்கரடி குட்டியை மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியாகத்தான் இரை தேட வரும். துப்பாக்கிக்காரன் கண்ணுக்கு அது ஒண்டிக்கட்டை. ஆகவே சட்டம் முழுவதும் அவனுடைய கண்ணிலும் பொறுமையிலும்தான் தொங்குகிறது. குளிர்காலம் பூராவும் குகையில் பட்டினி கிடந்து, குட்டியோடு வெளியே வரும் ஜீவனை அந்த நேரத்தில் சுடுவதே அநியாயம், வசந்த வேட்டையையே நிறுத்த வேண்டும் என்று இங்கே பாதிப் பேர் சொல்கிறார்கள். காத்திருந்து பார்க்கத் தெரிந்தவன் தப்பு செய்ய மாட்டான், வீட்டுக்கு இறைச்சி வேண்டாமா என்று மீதிப் பேர். நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். ஊரிலிருந்து எடுத்து வந்தவற்றில் இன்னும் உடையாமல் இருக்கும் சாமான் அந்தத் தலையாட்டல் ஒன்றுதான். மூன்று வருஷம் முன்பு அதுவும் உதவாமல் போயிற்று.

கென் என்பவன் காகித ஆலையில் என்னோடு வேலை செய்பவன். என் முதல் குளிர்காலத்தில் தன் அப்பாவின் கோட்டை எனக்குப் போட்டுவிட்டு, பனிக்கட்டி மேல் விழாமல் நடக்க வாத்து நடை சொல்லிக்கொடுத்த புண்ணியவான். வருஷத்துக்கு ஒரு கரடி சுடுவான். அவன் வீட்டுக்கு அதுதான் கோடை வரைக்கும் கறி. அந்த வசந்தத்தில் என்னையும் கூட்டிப்போனான். காட்டுக்குள் ஒரு இரும்புப் பீப்பாயில் பழைய டோநட்டுகளைக் கொட்டி, மேலே வெல்லப்பாகை ஊற்றி வைத்திருந்தான். கரடி வாசனை பிடித்து வருமாம். ஸ்வீட் ஸ்டால் வாசலில் ஒளிந்திருந்து வாடிக்கையாளரைச் சுடுவது மாதிரி இருக்கிறதே என்றேன். எந்தக் கடை என்று கேட்டான். எனக்கு அவன் கொடுத்தது ஒரே வேலை: மரங்களைப் பார்த்துக்கொண்டிரு, குட்டி தெரிந்தால் சொல். ஓகே என்றேன்.

விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால், அவன் முன்னே, நான் பின்னே. வெயில் சாயும் நேரத்தில் ஒரு கரடி தனியாக வந்தது. தபால் ஆபீஸ் பாடமெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று, காதாவது, மூக்காவது! கென் பைனாகுலரில் வெகு நேரம் பார்த்தான். பிறகு மெதுவாகத் துப்பாக்கியைத் தூக்கினான். அப்போது இடப்பக்க மரத்தின் உயரத்தில் கறுப்பாக ஏதோ அசைந்தது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை உங்களுக்குச் சொன்னால் புரியும், இவர்களுக்கு எப்படிச் சொல்வது? காரியத்துக்குக் கிளம்பியவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. தாம்பரத்தை ஒட்டிய எங்கள் இரும்புலியூர் வீட்டில் இதற்கு மேல் வேறு சட்டமே கிடையாது. முதல் வேலைக்கு இன்டர்வியூ போன அன்று சர்டிபிகேட் ஃபைலை மேஜைமேல் விட்டுவிட்டுக் கிளம்பினேன். வீடே பார்த்தது. ஒருத்தர் கூப்பிடவில்லை. பக்கத்துத் தெரு சிநேகிதன் சேகர் ஃபைலை எடுத்துக்கொண்டு, சந்து வழியாக சைக்கிளை மிதித்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் என்னை முந்தி, திரும்பி, எதிரே வந்து கொடுத்தான். தற்செயலாகச் சந்தித்தவன் மாதிரி முகத்தை வேறு வைத்துக்கொண்டான். அப்படி வளர்ந்த தொண்டை, துப்பாக்கி தூக்கியவனின் முதுகைப் பார்த்ததும் அடைத்துக்கொண்டது. எல்லாம் பழக்கதோஷம் என்று சொல்லி நானே என்னை மன்னித்துக்கொள்ளப் பார்த்தேன். பயமும் இருந்தது. அது குட்டி இல்லாமல் வெறும் காக்கைக்கூடாக இருந்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பானே என்ற வெட்கமும் இருந்தது.

வெடித்த பிறகு மரத்தின் மேலிருந்து அழுகை கேட்டது. கைக்குழந்தை அழுகிற மாதிரியே. கென் தொப்பியைக் கழற்றினான். கரடியின் மடியில் பால் இருந்தது. என்னை வீட்டில் இறக்கிவிட்டு, வனவிலங்கு ஆபீஸுக்கு நேராகப் போய்த் தானே சொல்லிவிட்டான். நம் ஊரில் இப்படித் தானே போய் மாட்டிக்கொள்பவனை என்ன சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும். குட்டியைப் பார்க்கவில்லை என்று எழுதிக்கொடுத்தான், அது சத்தியம். மறுநாள் ஆலையில், நீ பார்த்ததை அப்படியே சொல்லு, நீயும்தான் பார்க்கவில்லையே என்றான். நான் தலையாட்டினேன்.

பத்தாம் நாள் அந்த ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு கடிதம். சுடுவதற்கு முன் குட்டி எதுவும் என் கண்ணில் பட்டதா என்று எழுதித் தர வேண்டும். நாங்கள் ஒளிந்திருந்த இடத்திலிருந்து யாருக்கும் தெரிந்திருக்க முடியாது என்றால் கென்னுக்கு எச்சரிக்கையோடு போகும். தெரியக்கூடிய இடத்தில்தான் இருந்தது என்றால் அவன் வேட்டை லைசென்ஸ் போய்விடும். லீவு முடிந்து வந்து பதில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். கோட்டு கொடுத்தவனை நான் எப்படிக் காட்டிக்கொடுப்பது?

இரும்புலியூரில் கத்திரி வெயில். சேகர் இப்போது வெறும் சிநேகிதன் இல்லை; என் தங்கை மல்லிகாவின் புருஷன், தாம்பரம் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. விஷயத்தைச் சொன்னதும், “மச்சான், கரடி உடாத” என்றான். கடிதத்தைக் காட்டினேன். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஃபேனுக்கு நேரே உட்கார்ந்து மூன்று முறை படித்தான். வாய்தா, பத்திரம், எல்லைத் தகராறு என்று தேய்ந்துபோன மனுஷனுக்குக் கரடி கேஸ் என்றால் சும்மாவா? மூன்று நாள் வேறு பேச்சே இல்லை. மரத்து உச்சியில் இருக்கிற குட்டி தாயோடு இருப்பதாகக் கணக்கா, தனிக்குடித்தனமா என்று கேட்டான். டோநட் வைத்துக் கூப்பிட்டது விருந்தா, மோசடியா என்று கேட்டான். கடைசியில் தீர்ப்பு சொன்னான்.

“கேளு மச்சான். கறுப்பா இன்னாவோ ஆடிச்சு, அவ்ளோதான். அது குட்டின்னு அப்போ உனக்கே தெரியாது. தெரியாதத எப்பிடி தெரிஞ்சதுன்னு எழுதுவ? பாக்கலன்னு ஒரு வரி எழுது. கென் சாரும் பொழச்சாரு, நீயும் பொழச்ச.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சிவபூஜையில் கரடி நுழைந்த மாதிரி அப்போதுதான் மல்லிகா உள்ளேயிருந்து வந்தாள்.

“அண்ணா, அந்தக் குட்டி என்னாச்சு?”

எனக்குத் தெரியவில்லை. சட்டத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்ட சேகருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. அவன் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே விஷயம்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

காலேஜ் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த எண்பதுகளின் ஆரம்பத்தில், நானும் அவனும் செம்பாக்கம் ஏரியில் தூண்டில் போடப் போவோம். விரால் குஞ்சுகளைப் பார்ப்பு என்பார்கள். செக்கச்செவேலென்று கும்பலாக நீர்மேல் கொப்பளித்துக்கொண்டு நகரும். அடியில் பெரிய மீன் காவல் வரும். பார்ப்போடு திரிகிற விராலைப் பிடிக்கக்கூடாது என்று அங்கே மீன் பிடிப்பவர்களிடம் ஒரு கட்டு உண்டு. எந்தத் தபால் ஆபீஸிலும் ஒட்டாத சட்டம். சேகர் ஒரு தவளைக்குஞ்சைக் கொக்கியில் மாட்டிப் பார்ப்பின் நடுவில் போட்டான். விரால் பாய்ந்து கவ்வியது. பசியில் இல்லை, குஞ்சைத் தின்ன வந்த தவளை என்று நினைத்துத்தான் அது அப்படிப் பாயும். கரையில் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. நான் குஞ்சுகள் சிதறுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. வீட்டில் குழம்பு வைத்தவள் மல்லிகா. சாப்பிடும்போது சேகர் பெருமையாகக் கதை சொல்ல, அவள் கரண்டியை வைத்துவிட்டு அன்றைக்கு ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். பிறகு அவனையே கல்யாணமும் செய்துகொண்டதால், குழம்பு விஷயம் தள்ளுபடி ஆகிவிட்டதென்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அன்று சாயங்காலமே வனவிலங்கு ஆபீஸைக் கூப்பிட ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனேன். அங்கே அப்போது காலை. அந்தக் கண்ணாடிக் கூண்டில் நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கிறதோ இல்லையோ, காத்திருக்கும் ஆறு பேருக்கும் தெளிவாகக் கேட்கும். “பேபி பேர்” என்று நான் கத்த, எதிர்முனைப் பெண் என் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று பதறினாள். ஒருவழியாகப் புரிந்துகொண்டு சொன்னாள்: குட்டியை ஏணி வைத்து இறக்கிவிட்டார்கள், ஒரு காப்பகத்தில் புட்டிப்பால் குடிக்கிறது, அடுத்த வருஷம் காதில் நம்பர் மாட்டிக் காட்டில் விடுவார்கள். பிறகு, பேசுவது யார் என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். ஓ, நீங்கள்தானே சாட்சி, உங்கள் கடிதத்துக்குத்தான் காத்திருக்கிறோம் என்றாள். ரிசீவரை வைத்துவிட்டேன். பூத்துக்கார அண்ணன் ரசீதைக் கிழித்துக்கொண்டே கேட்டார்: “இன்னா சார், கொயந்த பால் குடிக்குதா?” மறுநாள் முதல் தெருவில் எனக்குப் பெயர் கரடி சார்.

குட்டி பிழைத்ததென்று மல்லிகாவிடம் சொன்னேன். நல்லது என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. அதனால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நானே முடிவு கட்டி, சேகர் சொன்ன ஒரு வரியை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

கனடாவுக்குக் கிளம்பும் நாள். பெட்டி டாக்சியில் ஏறிவிட்டது. நான் படி இறங்கிக் கேட்டைத் தாண்டுகிறேன்.

“அண்ணா!”

பின்னாலிருந்து. கடல் தாண்டிப் போகிறவனை, பின்னாலிருந்து! சேகர் முகத்தில் ஈயாடவில்லை. என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தான். பரிகாரம் செய்யாமல் அனுப்ப மாட்டானே. மல்லிகாவே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“ஏரிக்கரையிலயும் நீ பாத்துக்கிட்டுதான் இருந்த. வாயத் தொறக்கல. இப்பவாவது தொற. நான் கூப்ட்டேனே, என்ன குடி முழுகிடுச்சு? ஒரு வாய்த் தண்ணி, அவ்ளோதான்.”

குடித்தேன். மீனம்பாக்கம் ஏர்போர்ட் வரைக்கும் சேகர் என் முகத்தைப் பார்க்காமல், அவ எப்பவுமே இப்படித்தான் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டு வந்தான். உறையை விமானத்தில் கிழித்தேன்.

திரும்பி வந்து ஒரு பக்கம் எழுதினேன். பார்த்தேன், சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும் என்று. கொடுப்பதற்கு முன் கென்னிடம் காட்டினேன். படித்தான், மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அவனுடைய லைசென்ஸ் இரண்டு வசந்தங்களுக்குப் போயிற்று. கோடை முழுக்க ஆலையில் என்னோடு பேசவில்லை. கோட்டைத் துவைத்துத் தேய்த்து அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். உண்மை சொன்னால் நிம்மதி வரும் என்று சொன்னவர்கள் யார் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் பனி விழுந்த காலையில் வாசலில் சுரண்டும் சத்தம். கென் என் வீட்டுப் பாதையில் பனி அள்ளிக்கொண்டிருந்தான். கோட்டு என் கதவுக் கைப்பிடியில் தொங்கியது. மண்வாரியை ஊன்றிக்கொண்டு ஒரே கேள்வி கேட்டான்: ஏன் கத்தவில்லை? சொன்னேன். பின்னாலிருந்து கூப்பிடுவது, ஃபைல், சைக்கிள், எல்லாம். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தப்பித்தவறிக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவோம் என்றேன். எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம்.

அவன் இன்னும் ஒரு வாரி பனியை அள்ளி ஓரமாகக் கொட்டினான். இரண்டு நிமிஷத்தில் அந்தக் குட்டி கீழே இறங்கி அம்மாவிடம் வந்திருக்கும் என்றான்.

இந்த வசந்தத்தில் கென்னுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. என்னையும் கூப்பிட்டான், அதே இடம், அதே பீப்பாய். ஒரு கரடி தனியாக வந்தது. அவன் வெகு நேரம் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினான். மரத்தில் ஒன்றுமில்லை, சத்தியமாக ஒன்றுமில்லை. “கென்!” என்று கூப்பிட்டேன். கரடி காதை விறைத்துப் பார்த்துவிட்டு, டோநட்டோடு நடையைக் கட்டியது. கென் என்னைச் சுட்டாலும் சுடுவான் போலிருந்தது. பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்து, மரக்கட்டையில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். எந்தப் பக்கம் பார்த்துக் குடிக்க வேண்டும் என்று கேட்டான், பரிகாரம் என்றால் முறையாகச் செய்ய வேண்டுமாம். அப்படியெல்லாம் விதி இல்லை. வாய்க்கு வந்தபடி எங்கள் ஊர்ப் பக்கம் என்று சொல்லிவிட்டேன்.

தாம்பரம் எந்தப் பக்கம் என்றான். இத்தனை வருஷத்தில் நான் அதை யோசித்ததே இல்லை. சூரியனைப் பார்த்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அன்று குட்டி இருந்த அந்த மரத்தைக் கை காட்டினேன். அவன் அதைப் பார்த்தபடி பாதி குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினான்.