அண்ணையின் கலியாணக் கோட்

எங்கள் ஊரிலிருந்து லண்டனுக்கு முதலில் வந்தவர் அந்த அண்ணைதான். பின்னால் வந்த எங்களையெல்லாம் அகதி விண்ணப்பம் கொடுக்கும் குரோய்டன் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், வரிசையில் கூடவே நிற்பார். அங்கே குளிரில் நடுங்கிய எனக்குத் தன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். “நீரே வைச்சிரும், தம்பி” என்றார்.

அவருடைய செத்தவீட்டில் மைக்கைப் பிடித்து அந்தக் கோட்டைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். சனம் அழுதது. நன்றாகப் பேசிவிட்டேன் என்று பெருமைகூடப் பட்டேன், வெட்கங்கெட்டவன்.

இறங்கியதும் அவர் மனைவி என் கையைப் பிடித்தார். “அது இவரின்ர கலியாணக் கோட், தம்பி. இவருக்குப் போட்டு அனுப்ப ஆசையாக் கிடக்கு. உம்மட்ட இருக்கோ? பெட்டி மூட இன்னும் நேரமிருக்கு.”

புதுக் கோட் வாங்கிய அன்றே அண்ணையின் கோட்டைக் குப்பையில் போட்டிருந்தேன்.

“ஓம் அக்கா, எடுத்துக்கொண்டு வாறன்” என்றேன். பெட்டியை மூடிக் கொண்டுபோகும்வரை கார் பார்க்கில், காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.