வரிசை கலைந்த பஸ்

என் அக்கா பைண்டர். இருபத்திரண்டு வருடமாக ஒரே அச்சகத்தில் புத்தகம் கட்டுகிறாள். அச்சடித்து மடித்த தாள் கட்டை அங்கே ஃபாரம் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஃபாரங்களை வரிசை பிசகாமல் சேர்த்தால்தான் அது புத்தகம். ஒருமுறை அறுநூறு பிரதிகளில் ஒரு ஃபாரம் இடம் மாறிவிட்டது. "போகட்டும், யார் பார்க்கப் போறாங்க" என்று முதலாளியே சொன்னார். அக்கா அறுநூறையும் பிரித்து மறுபடி கட்டினாள். புகழ்ந்து சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சின்ன வயதில் அந்தப் பிடிவாதத்திடம் நிறைய அடி வாங்கியவன் நான்.

அவள் கணவர், என் மாமா, பஸ் டிரைவர். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறியது, வலக்கை தேறவில்லை. ஊரையே ஹார்ன் அடித்து எழுப்பிய மனிதர் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். அப்போதுதான் என் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, மலைப்பாதையில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். கூடவே ஏழு மாட். மாட் என்றால், விளையாட்டைச் செய்தவர்கள் கொடுக்காததை முகம் தெரியாத ரசிகர்கள் செய்து தருவது. ஒன்று மாமா ஓட்டிய அதே பழைய பஸ்ஸைக் கொண்டுவரும். இன்னொன்று மழை பெய்ய வைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இடக்கை மாட். கியர், பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றையும் கீபோர்டின் இடது மூலைக்குக் கொண்டுவந்துவிடும். மாமா தினமும் மதியம் ஓட்டினார். வளைவில் எதிரே வரும் லாரிக்காரனைத் திட்டவும் ஆரம்பித்தார். அந்தத் திட்டைக் கேட்டு அக்கா சமையலறையில் சிரிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விளையாட்டு தானாக அப்டேட் ஆனது. மாட்களும் ஃபாரம் மாதிரிதான், வரிசையாக அடுக்கினால்தான் வேலை செய்யும்; அந்த வரிசை கலைந்தது. பஸ் கிளம்பியது, ஆனால் இடக்கைக்கு எதுவும் கேட்கவில்லை. நேராகப் பள்ளத்தில் போய் விழுந்தது. மாமா மூன்று முறை முயன்றார். பிறகு எழுந்து உள் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

"விடு. இதுவும் போச்சு" என்றார். அடுத்த வாரம் அவருடைய அண்ணனுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை வந்து கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அந்த மிதப்பில், "எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து போடலாம்" என்றேன்.

"அழிச்சா அவர் ஓட்டின தூரம்?"

"அது போயிடும்."

"நாப்பதாயிரம் கிலோமீட்டர்டா. மறுபடி முதல் ஸ்டாப்ல இருந்து ஆரம்பிக்கச் சொன்னா அவர் ஆரம்பிப்பாரா?"

முன்பு நான் எந்த வரிசையில் அடுக்கினேன் என்று கேட்டாள். அதுவும் எனக்கு நினைவில்லை. அவள் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

அவளே உட்கார்ந்தாள். அச்சகத்திலிருந்து வந்ததும் கை கழுவிவிட்டு, ஒரு நோட்டும் பென்சிலுமாக. மாட்களை வரிசைப்படுத்துவதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதில் பெயர்களை மேலும் கீழும் நகர்த்திச் சேமிக்க வேண்டும். நகர்த்துவாள், சேமிப்பாள், விளையாட்டைத் திறப்பாள், பஸ் பள்ளத்தில் விழும். நோட்டில் ஒரு கோடு போடுவாள். புதன்கிழமை நான் போனபோது பத்தொன்பது கோடுகள் இருந்தன. பத்தொன்பது முறையும் பஸ் ஒரே இடத்தில்தான் விழுந்திருந்தது.

"நான் எப்படி மாத்தினாலும் ஒரே மாதிரி விழுதுன்னா, நான் மாத்துறது அதுக்குப் போய்ச் சேரலைன்னு அர்த்தம்" என்றாள். வரிசை எழுதப்படும் ஃபைலைத் திறந்து காட்டினாள். அதன் தேதி அப்டேட் ஆன செவ்வாய்க்கிழமையிலேயே நின்றிருந்தது. "சேமிச்சாச்சுன்னு சொல்லுது. எங்கடா சேமிச்சுது?"

தேடினேன். விளையாட்டு இருந்த ஃபோல்டருக்குள் எழுத அவளுக்கு அனுமதியே இல்லை. அந்தப் பழைய கருவி, உள்ளே விடாததால், வேறொரு மூலையில் ஒரு நகலை எழுதிவிட்டு வேலை முடிந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அனுமதி யாரிடம் இருந்தது என்று பார்த்தேன். ஃபோல்டரின் சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. கம்ப்யூட்டரைக் கொடுத்தவன் உரிமையை மாற்றிக் கொடுக்கவில்லை.

"வீட்டைக் குடுத்துட்டுச் சாவியை நீயே வச்சிருந்திருக்க" என்றாள் அக்கா. அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த ஃபோல்டரை அவள் பெயருக்கு மாற்றி, எழுதும் அனுமதியும் கொடுத்தேன். சேமித்துப் பார்த்தோம். தேதி மாறியது. விளையாட்டைத் திறந்தோம். இந்த முறை பஸ்ஸுக்குச் சக்கரமே இல்லை.

நான் தலையில் கை வைத்தேன். அக்காவுக்கோ சந்தோஷம். "இப்ப வேற மாதிரி கெடுது. அப்ப நான் சொல்றது அதுக்குக் கேக்குது" என்று இருபதாவது கோட்டைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அச்சகத்திலிருந்து போன் வந்தது. பின்னால் மெஷின் இரைச்சல். "தலைகீழா அடுக்கியிருக்கேன்டா" என்றாள்.

அவள் சொன்னதும்தான் எனக்குப் புரிந்தது. அச்சகத்தில் புத்தகத்தைக் கடைசி ஃபாரத்திலிருந்து சேர்ப்பார்கள். கடைசியை முதலில் வைத்து, அதன்மேல் அதற்கு முந்தையது, அதன்மேல் அதற்கும் முந்தையது. முதலில் வைத்தது அடியில் கிடக்கும். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், அடிப்படையான பஸ்ஸைப் பட்டியலின் அடியிலும் இடக்கை மாட்டை உச்சியிலும் வைத்திருந்தாள். கருவி படிப்பதோ மேலிருந்து கீழாக. கடைசியில் வருபவன் சொல்வதுதான் செல்லும். இடக்கை முதலில் பேசிவிட்டுப் போனது, பின்னால் வந்த ஆறு பேரும் அதை அழித்தார்கள்.

சனிக்கிழமை காலை நான் போனபோது மாமாவின் அண்ணன் வந்துவிட்டார். வாசலில் காலி அட்டைப்பெட்டி. "ஒரு பத்து நிமிஷம் இருங்க" என்று அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அக்கா ஏழு பெயர்களையும் புரட்டிப் போட்டாள். சேமித்தாள். தேதியைப் பார்த்தாள். விளையாட்டைத் திறந்தாள்.

பஸ் முழு சக்கரத்தோடு நின்றது. அக்கா இடக்கையால் ஸ்டார்ட் செய்தாள். இன்ஜின் உறுமியது. அவள் மாமாவைக் கூப்பிடவில்லை. அவளுக்குக் கியர் போடத் தெரியாது, இருந்தும் போட்டாள். பஸ் குலுங்கி, கரகரவென்று கத்தி, அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடி அதே கத்தல். மூன்றாம் முறை உள் அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

"என்ன பண்றே நீ? கியர்பாக்ஸ் போயிடும்" என்றபடி, காலை இழுத்துக்கொண்டு மாமா வந்தார். "எந்திரி."

அக்கா எழுந்தாள். மாமா உட்கார்ந்து இடக்கையை வைத்தார். பஸ் சத்தமில்லாமல் நகர்ந்து பாதையில் ஏறியது. முதல் வளைவு. ஹார்ன்.

"பதினோரு நாள் வண்டி எடுக்கலை" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

அவருடைய அண்ணன் என்னைப் பார்த்து, "கம்ப்யூட்டர்காரர்னா சும்மாவா. சரி பண்ணிட்டீங்களே" என்றார்.

"கெடுத்தவன்தான் நான்" என்றேன்.

அக்கா சமையலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள், தேவைக்கு மேலேயே ரொம்ப நேரமாக. வெளியே லாரிக்காரனுக்குத் திட்டு விழுந்தது. குழாய்ச் சத்தம் நின்றது.