பன் அடுப்பில் கணவாய் ஈரல்

பெங்களூர் பஸ் தருமபுரியோடு நின்றுவிட்டது. எல்லையில் மறியல், எந்த வண்டியையும் விடவில்லை என்று கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டார். என் கையில் ஒரு தெர்மகோல் பெட்டி. அதற்குள், ஐஸில் புதைத்த கண்ணாடிக் குப்பிகளில், ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் என்ற மூன்று கடல் பிராணிகளின் ஈரல்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் கடலோர ஊர் ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. கடல் தண்ணீரில் இருப்பதே தெரியாமல் கிடக்கும் காட்மியத்தையும் செம்பையும் துத்தநாகத்தையும் இந்தப் பிராணிகள் தங்கள் ஈரலில் எவ்வளவு சேர்த்து வைக்கின்றன என்று பார்ப்பது என் வேலை. அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. பல மாதம் கெஞ்சி, பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நேரம் வாங்கியிருந்தேன். மழை தொடங்கிவிட்டது, இனிப் படகு போகாது. இந்த வருஷத்தோடு படிப்பு போதும் என்று வீட்டில் என் அப்பா, அத்தாவும் சொல்லிவிட்டார்.

பெட்டியின் மூலையில் தண்ணீர் கசிந்தது. ஐஸ் கம்பெனிக்கு ஓடினேன். காலையிலிருந்து கரண்ட் இல்லை என்றார்கள். ஐஸ் வைத்திருந்த சோடாக்கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

"என்னங்க இது, இப்படி நாறுது? அந்தப் பக்கம் எடுத்துட்டுப் போங்க."

தெருவில் நின்று யோசித்தேன். ஐஸ் இல்லையென்றால் காயவைக்கலாம். காய்ந்தால் ஈரல் கெடாது, உள்ளே இருக்கும் உலோகம் எங்கும் போகாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் மாமாவின் பேக்கரி இருந்தது.

"அடுப்புல சூடு இருக்கா மாமா?"

"இப்பத்தான் பன்னு எடுத்தோம். ஏன் கண்ணு, வேர்த்து ஊத்துது? சாப்பிட்டியா?"

பெட்டியைத் திறந்து காட்டினேன். மாமா பின்னால் நகர்ந்தார்.

"கணவாயா? நம்ம மார்க்கத்துல நாம திங்கறதில்லையேம்மா இது. ஊருக்கே பன்னு போடற அடுப்பு. அதுல போயி வெக்கச் சொல்றியே?"

"இது அழுகிப்போச்சுன்னா எல்லாமே போச்சு மாமா. அத்தா இதோட வூட்டுல உக்கார வெச்சிருவாரு. எனக்கு வேற வழி தெரியல." பன் வாங்க வந்தவர்கள் பார்க்க, கடை நடுவில் நின்று அழுதேன்.

மாமா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே அடுப்பைப் பார்த்தார்.

"அழுவாத. உள்ள வை. நாளைக்குக் கடை தொறக்க வேணாம். அடுப்பக் களுவிட்டு அப்புறம் பத்த வெச்சுக்கலாம்."

மூடிகளைக் கழற்றிக் குப்பிகளை உள்ளே அடுக்கிவிட்டு முகம் கழுவப் போனேன். மாமி ஒரு வாய் சோறு தின்றுவிட்டுத்தான் எழ வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்தார். மாலையில் அடுப்பு வாயைத் திறந்தபோது குப்பிகளின் மேல் துத்தநாகம் பூசிய ஒரு தகரம் கிடந்தது. துணியைச் சுற்றி அதை வெளியே இழுத்தேன்.

"மேல சாம்பல் உளுமில்ல? நாந்தான் மூடி வெச்சேன்" என்றார் மாமா, சந்தோஷமாக.

தகரத்தின் அடிப்பக்கம் துத்தநாகப் பூச்சு வெள்ளையாகப் பொரிந்திருந்தது. விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. குப்பிகளுக்குள்ளும் அது விழுந்திருந்தது. மாமாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

மறியல் முடிந்ததும் பெங்களூர் போனேன், போகாமல் இருக்க மனம் கேட்கவில்லை. துத்தநாகம் எந்தக் கடலிலும் இருக்க முடியாத அளவுக்கு வந்தது. தகரப் பூச்சில் காட்மியமும் கலந்திருக்கும் என்பதால் காட்மியக் கணக்கையும் நம்ப முடியவில்லை. செம்பு மட்டும் ஒழுங்காக இருந்தது. மழை முடிந்ததும் மறுபடி பிடித்து வா என்றார் பேராசிரியர். அத்தா அனுப்பவில்லை. எவ்வளவோ அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தேன். கடைசியில் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்தது, போய்ச் சேர்ந்தேன்.

மாமா பேக்கரியில் அந்த நாற்றம் சீக்கிரம் போகவில்லை. வாடிக்கையாக வாங்குகிற சிலர் வேறு கடைக்கு மாறிவிட்டார்கள் என்று மாமி சொன்னார். அந்த ஈரல் கணக்கு எப்படி வந்தது என்று மாமா ஒரு தடவை கேட்டார். செம்பு நன்றாக வந்தது என்று சொன்னேன்.